ஒன்பதாவது எலுமிச்சம்பழம்

என் மகளுக்கு நான் அப்பா இல்லை என்று மைக்கில் அறிவித்திருக்கிறார்கள். சுற்றிலும் நூறு பேர் இருந்தார்கள். என் மனைவியும் இருந்தாள். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையில் நான் இல்லை என்பது வேறு விஷயம். அந்த நேரத்தில் என் இடது மணிக்கட்டு, கடவுள் வைத்த கோணத்தில் இல்லை.

தொழிலில் நான் பாதுகாப்பு அலுவலர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், யார் எங்கே விழுவார்கள் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் விசில் ஊதி மஞ்சள் பலகை வைக்கச் சொல்வேன். (முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘வழுக்கல்’ என்று பெயர். தெரியும்.) இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே பெண், விழுவதையே விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தாள்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்றதும் எல்லோரும் டிவியில் பார்த்த பனித்தரையை நினைத்துக்கொள்கிறார்கள். ஆவடியில் பனிக்கட்டி மீன் மார்க்கெட்டிலும் ஜூஸ் கடையிலும்தான் கிடைக்கும். அதன்மேல் யாரும் ஆடுவதில்லை. எங்களுடையது சக்கரம் வைத்தது. ஒரு பூட்ஸுக்கு நான்கு சக்கரம், விரல் பக்கம் பிரேக்காக ஒரு ரப்பர் கட்டை. மற்றதெல்லாம் அதேதான்: பாட்டு, ஜிகினா உடை, ஒற்றைக் காலில் பின்பக்கமாகப் போவது, எகிறிச் சுற்றுவது, இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல் சிரிப்பது. பனிக்குப் பதில் சிமெண்ட் தளம். பனியில் விழுந்தால் கொஞ்சம் வழுக்கிக்கொண்டாவது போகலாமாம். சிமெண்ட் விழுந்த இடத்திலேயே வைத்து விசாரிக்கும்.

தாரிணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு அருகே சுற்றுச்சுவரும் உள்ளே கம்பித் தடுப்பும் கட்டிய ஒரு தளத்தில் ஜெகன் மாஸ்டரிடம் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்றரைச் சுற்றுத் தாவல் வந்துகொண்டிருந்த நேரம். ஒரு சனிக்கிழமை மாலை, ஒன்றேகால் சுற்றிலேயே தரை வந்துவிட்டது. மிச்சக் கால் சுற்றை இடது கையால் முடித்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்தது. அவள் அழவில்லை. நான் அழுதேன். எலும்பு மருத்துவர் முதல் தம்ளர் தண்ணீரை எனக்குத்தான் கொடுத்தார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. திண்டுக்கல்லிலிருந்து என் சித்தப்பா தினமும் போன் செய்து, “அந்த மாவைப் பிரிச்சு வீசிட்டுப் புத்தூர் கட்டு கட்டுப்பா” என்றார். இன்னொரு நாள் “பொம்பளப் பிள்ளைக்குக் கை கோணிக்கிட்டு நின்னா நாளைக்கு…” என்று ஆரம்பித்தார். என் மனைவி சுமதி போனை வாங்கி, “டவர் இல்ல மாமா” என்று தெளிவாகச் சொல்லி வைத்தாள்.

நான் என் பங்குக்கு வீட்டைத் தொழிற்சாலையாக்கினேன். மேஜை முனைகளுக்கெல்லாம் தெர்மகோல் ஒட்டினேன். குளியலறையில் ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பு நகராமலிருக்க அதற்கடியில் இன்னொரு விரிப்பு. (அதில் தடுக்கி விழுந்தவன் நான்தான். விபத்துப் பதிவேட்டில் ஏற்றவில்லை.)

கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்த கை, வெளிறி, குச்சிபோல, வேறு யாருடையதோபோல் இருந்தது. அதை அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிசியோதெரபியில் மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று “மெதுவா, மெதுவா, ஐயோ” என்பேன். மூன்றாம் நாள் அந்தப் பிசியோதெரபிப் பெண் நிமிர்ந்து, “சார், வலி அவங்களுக்கு, சத்தம் உங்களுக்கா? கொஞ்சம் வெளிய உக்காருங்க” என்றாள். மீதி நாட்கள் முழுவதும் செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து என் மகளைக் குணப்படுத்தினேன்.

திரும்பப் போனதும் ஜெகன் மாஸ்டர் இரண்டு வாரம் விழுவதை மட்டுமே சொல்லிக்கொடுத்தார். “கையை உள்ள மடக்கு. இடுப்புப் பக்கமா, உக்கார்ற மாதிரி சரிஞ்சு விழு. தரைக்குக் கையைக் குடுக்காத!” தாரிணி முப்பது தடவை அழகாக விழுந்தாள். ஆனால் தாவல் வரவில்லை. வேகமாக வருவாள், காலை ஊன்றுவாள், எகிற வேண்டிய இடத்தில் எகிறாமல் அப்படியே உருண்டு போய்விடுவாள்.

“பயமா இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“எனக்கில்லப்பா. நான் தாவப்போறப்ப நீ கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடுற பாரு. அதைப் பார்த்தா தாவ வரல.”

அடுத்த நாளிலிருந்து கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன்.

அவள் வயதுப் பிரிவுக்கு மாவட்டத் தேர்வு நெருங்கியது. இரண்டே இரண்டு பேரை மாநிலப் போட்டிக்கு எடுப்பார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அன்னிக்குத் தாவலைன்னா, இனிமே நான் தாவ மாட்டேன்ப்பா. விட்டுருவேன்.” சுமதி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

ஓய்வில் இருந்த மாதங்களில் அவள் கால் வளர்ந்துவிட்டதால் புது பூட்ஸ் வாங்க வேண்டியிருந்தது. தேர்வுக்குச் சில நாள் முன்னால் அது வந்தது. எட்டு புத்தம்புது சக்கரங்கள். அவற்றைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்குள் அந்த எண்ணம் வந்தது: இது புது வண்டி.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன் என்று ஊருக்கே தெரியும். புது ஸ்கூட்டர் வந்த அன்று சுமதி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது, ஜூஸாவது போட்டிருக்கலாம் என்று சிரித்தவன். ஆயுத பூஜைக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்தால் வழுக்கும் என்று தொழிற்சாலையில் சுற்றறிக்கை விட்டவன். அப்படிப்பட்ட நான், தேர்வன்று காலை பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மண்ணூர்பேட்டைக் காய்கறிக்கடையில் நின்றேன்.

“எலுமிச்சம்பழம் எட்டு குடும்மா. சின்னதா.”

“எட்டா? பூஜைக்கா சார், ஊறுகாய்க்கா?”

“வண்டிக்கு.”

“வண்டிக்கு நாலு போதுமே.”

“எட்டுச் சக்கரம்மா.”

“லாரி எடுத்துகிறியா! சொல்லவே இல்ல!” கடைக்கார அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். எட்டை எண்ணிப் போட்டுவிட்டு ஒன்றைக் கூட வைத்தார். “இது கொசுறு. நல்லா ஓட்டு.”

அந்தக் கொசுறுதான் ஒன்பதாவது.

தளத்தில் காலை எட்டு மணிக்கே கூட்டம். நடுவர் வெளியூர்க்காரர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எடுத்த எடுப்பில் மைக்கைப் பிடித்தார். “பெற்றோர் கவனத்துக்கு! கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் பிள்ளைங்க. ஆட்டம் நடக்கும்போது அப்பாவோ அம்மாவோ உள்ள கால் வெச்சா, அந்தப் பிள்ளை போட்டியில இல்ல. அப்புறம் அழக் கூடாது.” மிகச் சரியான விதி என்று நான் தலையாட்டினேன். நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அப்பா அம்மாக்களில் தேவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்பேட்டையிலேயே ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை. அவருடைய மகள் மகாவும் தாரிணியும் ஒரே பிரிவு, நேர்ப் போட்டி. பயிற்சி நேரம் முழுவதும் தேவி கம்பியில் தொங்கிக்கொண்டு, “ஏ மகா! கால நீட்டுடீ! கொக்கு மாதிரி நீட்டு!” என்று கத்துவார். ஏரியின் அக்கரையில் கேட்கும். இந்தச் சத்தம் மற்றப் பிள்ளைகளின் கவனத்தைச் சிதறடித்து விபத்துக்கு வழிவகுக்கும் என்று நான் மாஸ்டரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தேன். (இரண்டு நகல்.)

தாரிணியைத் தலைபின்ன சுமதி அழைத்துப் போன இடைவெளியில், பூட்ஸ் பையோடு தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். சக்கரத்துக்கடியில் பழம் வைத்து மகளை ஏற்றினால் கவிழ்ந்துவிடுவாள் என்று முன்கூட்டியே ஆபத்தை மதிப்பிட்டிருந்தேன். எனவே ஓட்டுநர் இல்லாமல் வண்டியை மட்டும் ஏற்றுவது திட்டம். ஆனால் பூட்ஸைக் கையால் பிடித்து அழுத்தினால் பழம் நசுங்காமல் எகிறி ஓடியது. கடைசியில் இரண்டு கைகளையும் இரண்டு பூட்ஸுக்குள் விட்டு, மண்டி போட்டு, முழு எடையையும் இறக்கினேன். எட்டும் நசுங்கின. நிமிர்ந்தால் தேவி, தண்ணீர்ப் பாட்டிலோடு.

“இன்னா சார், சட்னியா?”

“ஒண்ணுமில்லம்மா. சக்கரம் செக் பண்றேன்.”

“எலுமிச்சம்பயத்துலயா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

சக்கரங்களைக் கைக்குட்டையால் மூன்றுமுறை துடைத்தேன். நசுங்கியதையெல்லாம் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். தரையைக்கூடத் துடைத்தேன். அவ்வளவு கவனம். கொசுறு மட்டும் பேண்ட் பையில் இருந்தது.

மகா ஆடி முடித்தாள். நன்றாகவே ஆடினாள். அடுத்து தாரிணி. கம்பியில் ஆள் நுழையும் இடைவெளி அருகே, அங்கே ஷூ கூடாது என்ற தள விதிப்படி அதைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. வலது கால், இடது கால், ஒரு சுழற்சி. எல்லாம் சரியாகப் போனது. தாவல் வரப்போகிறது, படம் எடுக்கலாம் என்று பையிலிருந்து போனை இழுத்தேன். கூடவே அதுவும் வந்தது.

விழுந்தது, ஒருமுறை குதித்தது, கம்பிக்கடியில் நுழைந்து தளத்துக்குள் உருண்டது. அந்தத் தளம் மட்டமாக இருக்கிறது என்று போன மாதம் மட்டப்பலகை வைத்துச் சோதித்துச் சான்று கொடுத்தவன் நான். மட்டமாக இல்லை. எலுமிச்சம்பழம் அவசரமே இல்லாமல், கல்யாண மண்டபத்துக்குள் நுழையும் மாமாவைப்போல, நேராக அவள் தாவப்போகும் இடத்தை நோக்கிப் போனது. அவளோ முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

நான் ஓடினேன். மூன்று அடி எடுத்து வைத்தது நினைவிருக்கிறது. பளபளப்பான தளம், நைலான் சாக்ஸ். இருபது வருடமாக நான் படம் வரைந்து பாடம் எடுக்கும் விஷயம் இது. விழுந்தபோது இடுப்புப் பக்கமாகச் சரியவில்லை. கையை மடக்கவில்லை. இரண்டு வாரம் கம்பியருகே நின்று கேட்ட பாடம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தரைக்கு முழுமனதோடு கையைக் கொடுத்தேன். ‘டக்’ என்று உள்ளே ஒரு சத்தம். பழம் என் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. அதற்கு அப்பால் ஒரு ஜோடி புது பூட்ஸ், ரப்பர் கட்டையை ஊன்றி, பிசகாமல் நின்றிருந்தது. நிமிர்ந்தேன். தாரிணி. பாட்டு மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நடுவர் வந்தார். “யார் சார் நீங்க? யாரோட அப்பா?”

நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினேன். அவர் தாரிணியிடம் திரும்பினார். “யாரும்மா இவர்?”

என் மகள் என்னைப் பார்த்தாள். அந்த வெளிறிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம். ‘இனிமே தாவ மாட்டேன்’ என்று தட்டைப் பார்த்துச் சொன்ன அதே முகம். பிறகு நிமிர்ந்து, கண்கூடச் சிமிட்டாமல் சொன்னாள்:

“தெரியாது சார்.”

ஜெகன் மாஸ்டர் ஆகாயத்தில் எதையோ தேடினார். கம்பிக்கு அந்தப் பக்கம் சுமதி என் ஷூவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். (எவ்வளவு இயல்பாகத் தள்ளி நின்றாள் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.) ஆனால் அங்கே என்னைத் தெரிந்த பெற்றோர் பத்துப் பேராவது இருந்தார்கள். ஒருவர் வாய் திறந்தால் போதும். அப்போது ஏரியின் அக்கரைக்குக் கேட்கும் அந்தக் குரல் வந்தது.

“வெளியாளு சார்! ஏரில வாக்கிங் வர்றவரு. எலுமிச்சம்பயம் வாங்கினு போசொல்ல ஆட்டம் பாக்க நின்னாரு. பயம் கீய உயுந்து உள்ள ஓடிச்சு, பாவம் எடுக்க ஓடியாந்துட்டாரு.”

நடுவர் என் காலைப் பார்த்தார். “சாக்ஸோட வாக்கிங்கா?”

“சுகரு சார்,” என்றார் தேவி, ஒரு நொடிகூட யோசிக்காமல்.

நடுவர் மைக்குக்குப் போனார். “தளத்துக்குள் வந்தவர் பொதுமக்களில் ஒருவர். இந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆட்டத்தை முதலிலிருந்து ஆடலாம்.”

“நா இட்டுனு போறேன் சார், அநாதியா கீறாரு,” என்று தேவி என்னைத் தூக்கி நிறுத்தி வெளியே அழைத்து வந்தார். என் மனைவிக்கு வர உரிமை இல்லை. வாசலில் ஓர் ஆட்டோவில் என்னை உட்காரவைத்தார். கை அதற்குள் முருங்கைக்காய்க்கு நடுவில் பூசணி காய்த்ததுபோல் வீங்கியிருந்தது.

“தேவிம்மா, தாரிணியை வெளிய அனுப்பியிருந்தா மகாவுக்கு இடம் உறுதியா இருந்திருக்குமே” என்றேன்.

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன்?”

“ஒரு எலுமிச்சம்பயம் உருண்டுச்சு, அதால எம்பொண்ணு ஜெயிச்சுச்சுனு நாளிக்கு ஊட்டுல சொல்லிக்க முடியுமா? அசிங்கமா கீது.” சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். “நீ எய்திக் குடுத்த லெட்டர மாஸ்டரு எனுக்குப் படிச்சுக் காட்னாரு. சத்தம் ஜாஸ்தியாமே எனுக்கு?”

நான் கையைப் பார்த்துக்கொண்டேன்.

“சரி, போலாமா?” என்றார் ஆட்டோக்காரர். “ஒரே நிமிஷம்பா” என்றேன். சுவருக்குள் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. சுவர் என் தலையைவிட உயரம். மாதக்கணக்கில் நான் பயந்த அந்த ஒரு நிமிடம் உள்ளே நடந்துகொண்டிருந்தது. முதல்முறையாக என் கண் திறந்திருந்தது. எதிரே செங்கல்தான் தெரிந்தது.

தேவி என்னைப் பார்த்தார். பிறகு ஆட்டோவின் படியில் ஒரு காலும் பின்சீட்டின் கம்பியில் ஒரு காலுமாக ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“கேட்டுக்கோ சார், சத்தமாவே சொல்றேன். சுத்துது… நல்லா சுத்துது… இப்போ பின்னால போது… கைய விரிச்சுகிச்சு…”

சக்கரச் சத்தம் நெருங்கியது. பிறகு சட்டென்று சத்தமே இல்லை. ஒரு மூச்சு நேரம்தான். எனக்கு அது ஆறு வாரம்.

டொக்.

“எகிறிச்சு சார்! சுத்திக் கீய வந்து நின்னுச்சு! ஒத்தக் கால்ல நின்னுச்சு சார்! தோ, சிரிக்குது!”

நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “இன்னா சார், ரொம்ப நோவுதா?” என்றார். “ஆமாம்பா” என்றேன். எதையாவது சொல்ல வேண்டுமே.

அதே எலும்பு மருத்துவர், அதே மேஜை, அதே இடது மணிக்கட்டு. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கையை ஊனி விழுந்தீங்களா? உங்க பொண்ணு இப்பல்லாம் இப்படி விழறதில்லையே” என்றார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிறகு வீட்டில் என் மணிக்கட்டை வளைக்கும் பொறுப்பைத் தாரிணி எடுத்துக்கொண்டாள். நான் “மெதுவா” என்று ஆரம்பித்தால், “வெளிய உக்காருங்க” என்பாள். என் கையையும் என்னையும் எப்படிப் பிரிப்பது என்று அவளுக்குக் கவலையில்லை.

அன்றைக்குத் தாரிணி இரண்டாம் இடம். தேர்வானாள். மகா மூன்றாம் இடம். நான் தேவிக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல், இரண்டையும் கலந்து ஏதோ உளறினேன். “வுடு சார், அடுத்த வருசம் பாரு” என்று வைத்துவிட்டார். அந்தப் புகாரின் இரண்டு நகல்களையும் கேட்டு வாங்கிக் கிழித்தேன். அது போதாது என்று எனக்கும் தெரியும்.

அடுத்த வருடம் அதே தளம், அதே நடுவர். நான் தொப்பி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் பதுங்கினேன். பயனில்லை.

“அட, வாக்கிங் சார்! கை சரியாயிடுச்சா? சுகர் எப்படி?” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் மேஜை அருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மைக்கையும் எடுத்தார். “பிள்ளைகளே, இங்க வந்திருக்கிற எல்லாரும் யாருக்காவது அப்பா அம்மா. இவர் யாருக்கும் யாரும் இல்ல. கை உடைஞ்ச பிறகும் கலைக்காக மட்டும் வந்திருக்கார். பதக்கத்தை இவர்தான் கொடுக்கணும்.” பலத்த கைதட்டல். பெற்றோர் வரிசையில் தேவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பக்கத்தில் சுமதியும்.

மகா முதலிடம். “தாங்க்ஸ் அங்கிள்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அடுத்து தாரிணி, இரண்டாமிடம். தலையைக் குனிந்தாள். பதக்கத்தை மாட்டினேன். நடுவர் தோளை ஒட்டி நின்றிருந்தார், ஏதாவது பேசியாக வேண்டும்.

“பேர் என்னம்மா?”

“தாரிணி, அங்கிள்.”

“அப்பா வரலியா?”

“இல்ல அங்கிள். இந்த மாதிரி இடத்துக்கு வந்தா அவர் ரொம்ப பயப்படுவார். நாங்கதான் வேணாம்னு சொல்லிட்டோம்.”

“பாவம், கொடுத்து வைக்காத மனுஷன்” என்றார் நடுவர், உண்மையான வருத்தத்தோடு.

மாநிலப் போட்டிக்கும் அவர்தான் நடுவர் என்கிறார்கள். எனக்கு இப்போதே அழைப்பு வந்துவிட்டது, குடும்பத்தோடு வரச் சொல்லி. சுமதியிடம் சொன்னேன். “நாங்க வேற யார்கூடயோ வரோம், நீங்க தனியா வந்துருங்க அங்கிள்” என்றாள்.